ரட்லண்ட் ரோமானியப் பண்ணை மாளிகை: கண்டெடுத்த மொசைக் தளத்தை ஏன் மீண்டும் மண்ணிட்டு மூடினார்கள்?

வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தின் ரட்லண்ட் மாவட்டத்தில், கெட்டன் என்ற சிற்றூரை அடுத்த உழவு நிலத்தில் 2020-ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட ரோமானியப் பண்ணை மாளிகையைப் பற்றிக் கிடைக்கும் செய்திகளையெல்லாம் தேடிப் படித்து வருகிறேன். பொதுமுடக்கக் காலத்தில் நிலவுடைமையாளரின் மகன் வயலில் நடந்து செல்லும்போது வழக்கத்திற்கு மாறான பானை ஓடுகளைக் கண்டிருக்கிறார். பிறகு செயற்கைக்கோள் படத்தில் அந்த இடத்தைத் தேடிப் பார்த்து, பயிரின் நிற வேறுபாட்டில் ஒரு கட்டடத்தின் வடிவம் தெரிவதை உணர்ந்து, உள்ளூர்த் தொல்லியல் அலுவலர்களுக்குத் தெரிவித்திருக்கிறார். தொல்சின்னங்களைக் காக்கும் ஹிஸ்டாரிக் இங்கிலாந்து நிறுவனத்தின் நிதியுதவியுடன் லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் பிரிவினர் அங்கே தோண்டியபோது, 11 மீட்டர் நீளமும் ஏறத்தாழ 7 மீட்டர் அகலமும் கொண்ட, சிறு வண்ணக் கற்களைப் பதித்து உருவங்கள் அமைத்த மொசைக் தளம் வெளிப்பட்டது. அக்கிலீஸும் ஹெக்டரும் தேரேறிப் போரிடுவது, ஹெக்டரின் உடலைத் தேரில் கட்டி இழுத்துச் செல்வது, ஹெக்டரின் தந்தையான மன்னர் பிரியாம் மகனின் உடலுக்கு ஈடாக எடைக்கு எடை பொன் கொடுத்து மீட்பது என்று கிரேக்கக் காவியம் பாடும் டிராய்ப் போரின் காட்சிகள் மூன்று கட்டங்களாக அதில் அமைந்துள்ளன. பிரித்தானியாவில் இந்தக் கதையைக் காட்டும் தளம் இதற்கு முன் கிடைத்ததில்லை.

இத்தனை அரிய தளத்தை ஆய்வு முடிந்ததும் மண்ணிட்டு மூடிவிட்டார்கள் என்று படித்தபோது எனக்கு வருத்தமாகவே இருந்தது. குளொஸ்டர்ஷயரில் உள்ள செட்வொர்த் மாளிகையை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அங்கே தளங்களுக்கு மேல் கூரை எழுப்பி, நடைபாலம் அமைத்து, மக்கள் மேலிருந்து காணும்படி வைத்திருக்கிறார்கள். கெட்டனில் அவ்வாறு செய்யாததற்குப் பணம் மட்டும்தான் காரணமா? தளத்தை மூடிய பிறகும் 2021, 2022 ஆண்டுகளில் அங்கே தொடர்ந்து தோண்டியிருக்கிறார்கள். மொசைக்கை விட முக்கியமாக எதைத் தேடினார்கள்? மேலும், தரைக்கு மேல் ஒரு கல்கூட நில்லாத வயலில் களஞ்சியம் இருந்தது, குளியல் கட்டடம் இருந்தது, எல்லை அகழி இருந்தது என்றெல்லாம் எதைக்கொண்டு சொல்கிறார்கள்? துறையில் பயிற்சி உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


அகழ்குழி எழுதியது:

வைகைக்கரை அவர்களுக்கு வணக்கம். நான் இங்கிலாந்தில் களத் தொல்லியல் பணியில் இருக்கிறேன். கெட்டன் அகழாய்வில் எனக்குப் பங்கில்லை. ஆனால் அதைப் போன்ற உழவு நிலங்களில் ரோமானியக் காலக் குடியிருப்புகளைத் தோண்டியிருக்கிறேன். உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்கினால்தான் மற்ற இரண்டுக்கும் விடை தெளிவாகும் என்று நினைக்கிறேன்.

புதைந்து கிடக்கும் சுவரின் மேல் மண்ணின் ஆழம் குறைவு. அங்கே ஈரம் தங்காது. ஆகவே வறண்ட கோடையில் சுவர் ஓடும் வரிசையில் உள்ள கோதுமையோ பார்லியோ மற்ற பயிருக்கு முன்பே மஞ்சளித்துக் குட்டையாகிவிடும். தூர்ந்துபோன அகழியின் மேல் இதற்கு நேர்மாறாக நடக்கும். அகழியை நிரப்பிய மண் ஆழமாகவும் வளமாகவும் இருப்பதால் அந்தக் கோட்டில் பயிர் உயர்ந்தும் பசுமையாகவும் நிற்கும். தரையில் நின்று பார்ப்பவருக்கு இது எதுவும் புலப்படாது. வானிலிருந்து பார்த்தால் கட்டடத்தின் வரைபடமே வயலில் விரிந்துவிடும். 2018-ஆம் ஆண்டின் கடும் வறட்சியில் பிரித்தானியா முழுவதும் இப்படிப் பல தொல்லிடங்கள் தெரியவந்தன. பிரான்சின் வடக்கே சோம் ஆற்றுப் பகுதியில் ரோஜே அகாஷ் என்ற ஆய்வாளர் 1960-களிலும் 70-களிலும் சிறு விமானத்தில் பறந்து நூற்றுக்கணக்கான பண்ணை மாளிகைகளைப் படமெடுத்தார். அவர் பயிரை மட்டும் நம்பவில்லை. குளிர்காலத்தில் உழுது போட்ட ஈர வயலில், கலப்பை பெயர்த்த சுண்ணக்கல் அடித்தளங்கள் வெண்கோடுகளாகத் தெரிவதைப் பயன்படுத்திக்கொண்டார். அந்த வெண்கோடுகள் அழகானவை. ஆனால் அடித்தளம் ஆண்டுதோறும் கலப்பையால் அரைபடுகிறது என்பதற்கும் அவையே சான்று.

படத்திற்கு அடுத்தது கருவிகள். காந்தமானி, நிலத்தின் காந்தப் புலத்தில் ஏற்படும் மிக நுண்ணிய மாறுதல்களை அளக்கும். நெருப்புப் பட்ட மண், சூளை, அடுப்பு, மக்கிய பொருள்கள் நிறைந்த அகழி ஆகியவை அதில் தெளிவாகப் பதியும். மண் மின்சாரத்துக்குக் காட்டும் தடையை அளக்கும் முறையில் கல்சுவர் உயர் தடையாகவும் ஈரமான அகழி குறைந்த தடையாகவும் தெரியும். தரையை ஊடுருவும் ரேடார் ஆழத்தையும் சேர்த்துச் சொல்லும். இவற்றோடு, வயலைக் கட்டங்களாகப் பிரித்து வரிசையாக நடந்து மேலே கிடப்பவற்றைப் பொறுக்கும் பழைய முறையும் உண்டு. தட்டையான கூரை ஓடும் வளைந்த கூரை ஓடும் ஓரிடத்தில் நெருக்கமாகக் கிடந்தால் அங்கே ஓடு வேய்ந்த கட்டடம் இருந்தது என்றும், சிறு சதுரக் கற்கள் கிடைத்தால் மொசைக் தளம் உழவில் சிதைந்துகொண்டிருக்கிறது என்றும் பொருள். கடலிலிருந்து தொலைவில் உள்ள வயலில் சிப்பி ஓடுகள் கிடைத்தால் அதுவும் வசதியான ஒரு ரோமானியக் குடும்பத்தின் உணவை நினைவூட்டும்.

கெட்டனில் இந்த ஆய்வுகளால்தான், மொசைக் தளம் பதித்த அந்த உணவுக்கூடம் ஒரு பெரிய வளாகத்தின் ஒரு மூலை என்பது தெரியவந்தது. இருபுறமும் தூண் வரிசை கொண்ட களஞ்சியங்கள், வட்ட வடிவக் கட்டடங்கள், குளியல் கட்டடமாக இருக்கக்கூடிய ஒன்று, இவை அனைத்தையும் சூழ்ந்த எல்லை அகழிகள் என்று கி.பி. 3, 4-ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த ஒரு பெரும் பண்ணை அங்கே இருக்கிறது. உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை இதிலேயே உள்ளது. ரோமானியப் பண்ணை மாளிகை முதலில் ஒரு வேளாண் நிறுவனம். ஓவியத் தளம் பதித்த அறை அந்த நிறுவனத்தின் வருவாயில் எழுந்தது. விருந்தினர் சாய்ந்து உண்ட அறையை மட்டும் தோண்டிவிட்டு நின்றுவிட்டால், விருந்துக்குப் பொருள் எங்கிருந்து வந்தது, யார் உழைத்தார்கள், அவர்கள் எங்கே தூங்கினார்கள் என்ற கேள்விகள் அனைத்தும் மண்ணுக்குள்ளேயே இருந்துவிடும்.

இதை உணர்த்திய பெரும் அகழாய்வு இத்தாலியில் நடந்தது. டஸ்கனியில் கோசா நகருக்கு அருகிலுள்ள செட்டேஃபினெஸ்ட்ரே என்ற இடத்தில் தொல்லியலாளர் ஆந்திரேயா கரந்தினி தலைமையில் 1976 முதல் 1981 வரை தோண்டினார்கள். உரிமையாளரின் ஓவியம் தீட்டிய அறைகளுக்குக் கொடுத்த அதே கவனத்தைத் திராட்சை பிழியும் ஆலைக்கும், பன்றிக் கொட்டிலுக்கும், அடிமைகளின் குடியிருப்பாகக் கருதப்படும் சிற்றறை வரிசைகளுக்கும் கொடுத்தார்கள். அடிமை உழைப்பைக் கொண்டு மது உற்பத்தி செய்து கப்பலேற்றிய ஒரு பொருளாதாரம் எப்படி இயங்கியது என்பதைக் கட்டடத்தின் அமைப்பிலிருந்தே அவர்களால் பேச முடிந்தது. என்னைப் பொறுத்தவரை, கெட்டன் அகழாய்வில் என் மனம் மிகுதியாக ஈடுபட்ட செய்தியும் இந்த வகையைச் சேர்ந்ததுதான். 2022-இல் அங்கே தோண்டிய களஞ்சியம் முதலில் மரத்தூண்களால் கட்டப்பட்டு, பின்னர் கல்லால் மாற்றப்பட்டு, அதன் ஒரு முனை குடியிருப்பாகவும் மறுமுனை வேளாண் பணிக்கோ கைத்தொழிலுக்கோ பயன்பட்டிருக்கிறது. குடியிருப்புப் பக்கத்தில் தரைக்கடியில் சூடான காற்றைச் செலுத்தும் அமைப்புடன் குளியலறைகளும் இருந்தன. உழைப்பும் வசதியும் ஒரே கூரையின் கீழ் இருந்த இந்த ஏற்பாடு, அங்கு வாழ்ந்தவர்கள் யார் என்ற கேள்வியை மொசைக்கை விடக் கூர்மையாக எழுப்புகிறது.

இனி உங்கள் முதல் கேள்வி. பணமும் ஒரு காரணம்தான். ஆனால் அது தலையாய காரணம் அன்று. தோண்டுவது என்பது திரும்பச் செய்ய முடியாத செயல். மண்ணடுக்கை ஒருமுறை எடுத்துவிட்டால் அது இருந்த வரிசையை நாம் எழுதிவைத்த குறிப்பிலிருந்து மட்டுமே மீட்க முடியும். செட்வொர்த்தை நீங்கள் பார்த்தீர்கள் அல்லவா? அது 1864-இல் கண்டறியப்பட்டது. நிலவுடைமையாளரான பிரபுவின் உறவினர் ஜேம்ஸ் ஃபாரர் ஆட்களை வைத்துத் தோண்டினார். அவர்கள் தேடியது சுவரையும் தளத்தையும். அவற்றின் மேல் கிடந்த மண்ணும் இடிபாடும் பெரும்பாலும் குறிப்பின்றி அள்ளிக் கொட்டப்பட்டன. மாளிகை கைவிடப்பட்ட பின் யார் அங்கே வாழ்ந்தார்கள், எந்த அறை எப்போது இடிந்தது, கூரை தானாக விழுந்ததா அல்லது கல்லுக்காகப் பிரிக்கப்பட்டதா என்பதையெல்லாம் சொல்லியிருக்கக்கூடிய சான்று அந்த மண்ணில்தான் இருந்தது.

கெட்டனில் அந்த மேல்மண் இருந்தது. தளத்தின் மேல் கிடந்த இடிபாட்டுக்குள் மனித எலும்புகள் கிடைத்தன. கட்டடம் கைவிடப்பட்ட பிறகே அந்த உடல்கள் அங்கே புதைக்கப்பட்டதாகக் கருதுகிறார்கள். தளத்தில் நெருப்பின் தடங்களும் உடைப்புகளும் உள்ளன. மாளிகையாக இருந்த காலம் முடிந்த பின் அதே இடம் வேறு பயனுக்கு வந்தது என்பதை அவை காட்டுகின்றன. பொறுமையின்றித் தளத்தைத் துலக்கியிருந்தால் இவற்றில் ஒன்றும் மிஞ்சியிருக்காது. வளாகம் முழுவதையும் இன்றே தோண்டிக் காட்சிக்கு வைப்பது, நம்மினும் நுட்பமான கருவிகளோடு நாளை வருபவர்களுக்கு ஒன்றும் விட்டுவைக்காமல் எடுத்துக்கொள்வதாகும். ஆகவேதான் தேவையான அளவு தோண்டி, அளந்து, படமெடுத்து, மூடிவிட்டார்கள். அந்த இடத்தைச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாகவும் அறிவித்து, வயலை உழாத புல்நிலமாக மாற்றவும் முடிவு செய்தார்கள்.


சுண்ணச்சாந்து எழுதியது:

அகழ்குழி அவர்கள் சொன்னதோடு, கட்டடப் பாதுகாப்புத் துறையில் பணியாற்றுபவன் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன். மண்ணுக்குள் 1,600 ஆண்டுகள் கிடந்த தளம் ஏன் கெடாமல் இருந்தது என்று கேட்டுப் பார்த்தால் மூடுவதன் பொருள் விளங்கும். மண்ணுக்குள் வெப்பமும் ஈரமும் மிக மெதுவாகத்தான் மாறுகின்றன. மொசைக் கற்களைப் பிடித்திருப்பது சுண்ணாம்புச் சாந்து. தளம் வெளிப்பட்ட முதல் குளிர்காலத்திலேயே அந்தச் சாந்துக்குள் புகுந்த நீர் உறைந்து விரிந்து கற்களை நெம்பிவிடும். வெயிலில் நீர் ஆவியாகும்போது கரைந்திருந்த உப்பு மேற்பரப்பில் படிகமாகித் துணுக்குத் துணுக்காகக் கல்லை உதிர்க்கும். நிழலும் ஈரமும் சேர்ந்த இடத்தில் பாசி படியும். சிறு செடியின் வேர் நுழைந்தாலும் ஒரு சாண் அகலத்திற்குத் தளம் உப்பிவிடும்.

கூரை போட்டால் போதும் என்பது பலரும் சொல்லும் தீர்வு. ஆனால் கூரையே சிதைவுக்குக் காரணமான வரலாறும் உண்டு. சிசிலியில் பியாட்சா அர்மெரினாவுக்கு அருகிலுள்ள கசாலே மாளிகையில் ஏறத்தாழ 3,500 சதுர மீட்டர் மொசைக் தளங்கள் இருக்கின்றன. 1997-இல் யுனெஸ்கோ அதை உலக மரபிடமாக அறிவித்தது. 1950-களின் இறுதியில் ஃபிராங்கோ மினிஸ்ஸி என்ற கட்டடக்கலைஞர் அதற்கு ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தகடுகளால் கூரை வடிவமைத்தார். பழைய மாளிகையின் உருவத்தை மெல்லிய கோடுகளால் நினைவூட்டிய அந்த வடிவமைப்பு அக்காலத்தில் பெரிதும் பாராட்டப்பட்டது, இன்றும் கட்டடக்கலை வரலாற்றில் அதற்கு மதிப்புண்டு. ஆனால் சிசிலியின் கோடையில் அது உள்ளே வெப்பத்தைச் சிறைப்படுத்தியது. குளிர்காலத்தில் ஈரம் படிந்து சொட்டியது. தளங்கள் அதனால் பட்ட துன்பத்திற்குப் பிறகு, இந்த நூற்றாண்டில் அந்தக் கூரையை அகற்றி வேறு கூரை அமைத்தார்கள்.

மற்றொரு தவறான மருந்தும் இருந்தது. 20-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் மொசைக் தளங்களைப் பெயர்த்தெடுத்து, இரும்புக் கம்பி வைத்த சிமெண்ட் பலகையில் பதித்து, அதே இடத்திலோ அருங்காட்சியகத்திலோ வைப்பதே வழக்கமாக இருந்தது. காலப்போக்கில் உள்ளிருக்கும் இரும்பு துருப்பிடித்துப் பருக்கும், பலகை வெடிக்கும், மேலே உள்ள கற்களும் அதனோடு பிளக்கும். இன்று பல நாடுகளில் நிபுணர்கள் தம் காலத்தைச் செலவிடுவது இந்தப் பழைய சிகிச்சையின் விளைவுகளைச் சரிசெய்வதில்தான். மொசைக் பாதுகாப்புக்கான பன்னாட்டுக் குழு 1977-இல் உரோமையில் தொடங்கப்பட்ட பின், தளத்தை இருந்த இடத்திலேயே வைத்துச் சுண்ணாம்புச் சாந்தால் பழுது பார்ப்பதும், காட்சிக்கு வைக்க இயலாதபோது முறைப்படி மூடுவதும் மெல்ல மெல்ல ஏற்கப்பட்ட நெறிகளாயின.

முறைப்படி மூடுவது என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. தோண்டிய மண்ணை அப்படியே தள்ளிவிடுவதில்லை. தளத்தின் விளிம்புகளைச் சாந்து பூசி உறுதிப்படுத்தி, நீரையும் ஆவியையும் விடுகின்ற துணி போன்ற விரிப்பை இட்டு, கல்லில்லாமல் சலித்த மணலோ மண்ணோ பரப்பி, அதன்மேல்தான் பழைய மண்ணை நிரப்புவது பொதுவான வழக்கம். பிளாஸ்டிக் தாளை விரித்தால் அடியில் ஈரம் தேங்கிவிடும் என்பதால் அதைத் தவிர்ப்பார்கள். மீண்டும் தோண்ட வருபவருக்கு அந்த விரிப்பே எச்சரிக்கைக் குறியும் ஆகிறது.


நெடுவழிப்போக்கன் எழுதியது:

இரண்டு விளக்கங்களும் பயனுள்ளவை. ஆயினும் இந்தத் துறைக்கு வெளியே நின்று ஆர்வத்தோடு பார்க்கும் ஒருவனாக, மறுபக்கத்தையும் பதிவு செய்ய விரும்புகிறேன். மூடிய தளம் பாதுகாப்பாக இருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் மக்கள் பார்க்காததை மக்கள் எத்தனை காலம் போற்றுவார்கள்?

குளொஸ்டர்ஷயரிலேயே வுட்செஸ்டர் என்ற ஊரில், தேவாலயத்தின் கல்லறை நிலத்துக்கடியில் கிரேக்கத் தொன்மக் கதையின் பாடகரான ஓர்ஃபியஸ் யாழிசைக்க விலங்குகள் அவரைச் சுற்றி வருவதைக் காட்டும் பெரும் தளம் ஒன்று உள்ளது. ஏறத்தாழ 15 மீட்டர் பக்கமுள்ள சதுரம் அது; வட ஐரோப்பாவின் மிகப் பெரிய ரோமானிய மொசைக்குகளில் ஒன்றாக எண்ணப்படுகிறது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சாமுவேல் லைசன்ஸ் அதை ஆய்ந்து அழகான வரைபடங்களாக வெளியிட்டார். அதன்பின் பல ஆண்டுகளுக்கொருமுறை மண்ணை நீக்கிக் காட்டும் வழக்கம் இருந்தது. 1973-இல் கடைசியாகத் திறந்தபோது கூட்டம் அந்தச் சிற்றூர் தாங்காத அளவுக்குப் பெருகியது. அதன்பிறகு திறக்கவே இல்லை. அன்று சிறுவனாக அதைப் பார்த்தவருக்கு இன்று அறுபது வயது. அவருடைய பிள்ளைகளுக்கு அது வெறும் படம்.

இதற்கு எதிராக இரண்டு இடங்களைச் சொல்வேன். சசெக்ஸில் உள்ள பிக்னர் மாளிகை 1811-இல் ஜார்ஜ் டப்பர் என்ற உழவரின் கலப்பையில் தட்டுப்பட்டது. அவர் குடும்பத்தினர் தளங்களுக்கு மேல் வைக்கோல் வேய்ந்த கல் குடில்களைக் கட்டி மக்களை வரவேற்றார்கள். இருநூறு ஆண்டுகள் கடந்தும் அந்தக் குடும்பத்தின் பொறுப்பில் அவற்றைக் காண முடிகிறது. ஸ்பெயினின் பலென்சியா மாநிலத்தில் லா ஒல்மேதா மாளிகையை 1968-இல் கண்டெடுத்த நிலவுடைமையாளர் ஹவியேர் கோர்த்தேஸ், தம் சொந்தப் பணத்தில் 1980 வரை அகழாய்வை நடத்தி, பின் அதை மாநில நிருவாகத்திடம் கொடுத்தார். இன்று முழு மாளிகையும் ஒரே பெருங்கூரையின் கீழ் இருக்கிறது. பொருத்தமாக, அங்குள்ள முதன்மைத் தளத்திலும் அக்கிலீஸ்தான். பெண் வேடத்தில் மறைந்திருந்த அவனைக் கிரேக்க வீரன் யுலிசீஸ் கண்டுபிடிக்கும் காட்சி. ரட்லண்டின் அக்கிலீஸை மட்டும் ஏன் இருட்டில் வைக்க வேண்டும்?


அகழ்குழி எழுதியது:

நெடுவழிப்போக்கன் அவர்களின் வருத்தம் நியாயமானது. வுட்செஸ்டர் எடுத்துக்காட்டை என்னால் எளிதில் மறுக்க முடியாது. ஒல்மேதாவுக்கு நான் சென்றிருக்கிறேன். காட்சிக்கு வைப்பதென்றால் அப்படித்தான் வைக்க வேண்டும் என்று எண்ணித் திரும்பி வந்தவன் நான். ஆனால் அந்தக் கூரை 2009-இல் திறக்கப்பட்டது, மாளிகை கண்டறியப்பட்டு நாற்பது ஆண்டுகள் கழித்து. இடைப்பட்ட காலத்தில் அகழாய்வும், பழுதுபார்ப்பும், திட்டமும், பொதுப்பணமும் படிப்படியாகச் சேர்ந்தன. கெட்டன் அறிவிக்கப்பட்டது 2021 நவம்பரில். தனியாருக்குச் சொந்தமான, இன்னும் உழவுத் தொழில் நடக்கும் நிலத்தின் நடுவே அது இருக்கிறது. பாதை கிடையாது, காவல் கிடையாது. காட்சிக்கூடம் கட்டுவதா வேண்டாமா என்பதை முடிவு செய்யும் வரை தளத்தைத் திறந்து வைத்திருக்க முடியாது. மூடிவைத்தால் முடிவைத் தள்ளிப்போட முடியும்; திறந்துவைத்தால் ஐந்தே குளிர்காலங்களில் முடிவெடுக்கும் தேவையே இல்லாமல் போகலாம்.

திருட்டையும் மறக்கக் கூடாது. இரவில் உலோகம் தேடும் கருவியோடு வயல்களில் புகுபவர்கள் இங்கே உண்மையான தொல்லை. 1979-ஆம் ஆண்டின் தொல்சின்னச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட இடத்தில் அனுமதியின்றி அந்தக் கருவியைப் பயன்படுத்துவதே குற்றம். ஆனால் சட்டம் இரவில் வயலைக் காவல் காக்காது.

மக்களிடம் கொண்டுசெல்வது குறித்து ஒன்று சொல்ல வேண்டும். தளத்தின் படங்களை வைத்து ஆய்வு தொடர்ந்து நடக்கிறது. பொன்னை எடைபோடும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஹோமரின் காவியத்தில், பொன்னால் எடைபோட்டுக் கொடுத்தாலும் உடலைத் தரமாட்டேன் என்று அக்கிலீஸ் சினத்தில் சொல்வதோடு சரி. எடை போடுவது அங்கே நடப்பதில்லை. கிரேக்க நாடகாசிரியர் ஈஸ்கிலசின் அழிந்துபோன நாடகம் ஒன்றில்தான் அது மேடையில் நிகழ்ந்ததாகப் பழைய உரைக்குறிப்புகள் கூறுகின்றன. கெட்டன் தளம் பின்பற்றியது அந்த மரபைத்தான் என்று லெஸ்டர் ஆய்வாளர்கள் அண்மையில் விளக்கியிருக்கிறார்கள். ரோமப் பேரரசின் வடமேற்குக் கோடியில் இருந்த ஒரு பண்ணையார், தம் விருந்தினர் பார்க்க இப்படிப்பட்ட கதை வடிவத்தைத் தேர்ந்தெடுத்தார் என்றால், அவர் வீட்டுப் பேச்சில் எந்தக் கதைகள் புழங்கின என்று எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது. இந்த ஆய்வுக்குத் தளம் திறந்திருக்க வேண்டிய தேவை ஏற்படவில்லை; துல்லியமான பதிவு இருந்ததே போதுமானதாக இருந்தது.


வைகைக்கரை எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. என் வருத்தம் முழுவதும் நீங்கியது என்று சொல்ல மாட்டேன். ஆனால் எதை நினைத்து வருந்த வேண்டும் என்பது மாறிவிட்டது. செட்வொர்த்தில் 1864-இல் அள்ளிக் கொட்டிய மண்ணைப் பற்றி அங்கு சென்றபோது ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

ஒரு துணைக் கேள்வி. தளத்தில் நெருப்பின் தடம் இருக்கிறது, இடிபாட்டில் எலும்புகள் இருக்கின்றன என்றால், படையெடுத்து வந்தவர்கள் மாளிகையை எரித்து மக்களைக் கொன்றார்கள் என்று கொள்ளலாமா? ரோமானிய ஆட்சி பிரித்தானியாவில் கி.பி. 410-ஐ ஒட்டி முடிந்தது என்றுதான் பாட நூல்கள் சொல்கின்றன.


அகழ்குழி எழுதியது:

அப்படிக் கொள்ள வேண்டாம் என்றே கேட்டுக்கொள்கிறேன். பழைய அகழாய்வு அறிக்கைகளில் கரியைக் கண்டவுடன் படையெடுப்பு என்று எழுதிவிடும் வழக்கம் இருந்தது. அதன் விளைவாக எத்தனையோ மாளிகைகளுக்கு நடக்காத போர்கள் கற்பிக்கப்பட்டன. எரிந்து விழுந்த கூரை அறை முழுவதும் கரியையும், வெடித்த ஓடுகளையும், தீயில் சிவந்த சுவர்ப்பூச்சையும் விட்டுச்செல்லும். தளத்தின் ஓரிடத்தில் மட்டும் கற்கள் நிறம் மாறியிருந்தால், அங்கே அடுப்பு மூட்டியவர்களையோ உலோகம் உருக்கியவர்களையோதான் முதலில் நினைக்க வேண்டும். பிரித்தானிய மாளிகைகள் பலவற்றில் கடைசிக் காலத்தில் தளத்தின் மேல் அடுப்புகளும் தானியம் உலர்த்தும் சூளைகளும் அமைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றைச் செய்தவர்கள் அந்நியர்களாக இருக்க வேண்டியதில்லை. நகரச் சந்தையும் படைகளின் கொள்முதலும் நின்றுபோன பின், விருந்து மண்டபத்தை விடத் தானியம் காயும் கூடம் தேவைப்பட்ட அதே பண்ணையின் மக்களாகவும் இருக்கலாம். எலும்புகளைப் பொறுத்தவரை, அவை இடிபாட்டுக்குள் புதைக்கப்பட்டவை. அதாவது கட்டடம் இடிந்த பிறகு நடந்த அடக்கம். கொலைக்களத்தில் விழுந்த உடல்கள் அல்ல.

410 என்ற ஆண்டிலும் கவனம் தேவை. பிரித்தானியாவுக்குப் புதிய நாணயங்கள் வருவது 402-ஐ ஒட்டியே பெரும்பாலும் நின்றுவிட்டது; பெரிய மட்பாண்டத் தொழிற்கூடங்களும் ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓய்ந்தன. நாம் மண்ணடுக்கின் காலத்தைக் கணிப்பது நாணயத்தையும் பானை ஓட்டையும் கொண்டுதான். அவை இரண்டும் நின்ற பிறகு நடந்த வாழ்க்கைக்குத் தேதி சொல்ல எதுவும் இல்லாமல் போவதால், 400-க்குப் பின் எல்லோரும் மறைந்துவிட்டது போன்ற தோற்றம் நம் அறிக்கைகளில் ஏற்பட்டுவிட்டது.

இதைக் குலைத்தது நீங்கள் பார்த்த செட்வொர்த்தேதான். விக்டோரியா அரசி காலத்தில் தோண்டியவர்கள் தொடாமல் விட்ட மண் அங்கேயும் சில இடங்களில் எஞ்சியிருந்தது. 2017-இல் வடக்குப் பகுதியிலுள்ள ஓர் அறையில் அந்த மாளிகையைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் அறக்கட்டளையின் ஆய்வாளர்கள் தோண்டியபோது, மொசைக் பதிப்பதற்காக அறையைப் பிரித்து எழுப்பிய சுவரின் அடித்தளக் குழியிலிருந்து கரித்துண்டும் எலும்பும் கிடைத்தன. அவற்றின் கரிமக் காலக்கணிப்பை 2020 டிசம்பரில் வெளியிட்டார்கள். அந்தச் சுவர் கி.பி. 424-க்கு முன் கட்டப்பட்டிருக்க முடியாது என்பது அதன் முடிவு. அதாவது ரோமானிய ஆட்சி அகன்றதாகச் சொல்லப்படும் காலத்திற்குப் பிறகும், அந்தப் பள்ளத்தாக்கில் ஒருவர் புதிய அறை அமைத்து, கைத்தேர்ச்சி சற்றுக் குறைந்த கலைஞரைக் கொண்டு மொசைக் தளம் பதித்திருக்கிறார். 424 என்பது முன்னெல்லை மட்டும்தான் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். குழியில் விழுந்த எலும்பு சுவரை விடப் பழையதாக இருக்கலாம், புதியதாக இருக்க முடியாது. ஆகவே அந்தத் தளம் பதிக்கப்பட்டது அதற்கும் பல ஆண்டுகள் பிந்தியதாகவும் இருக்கக்கூடும்.